நொடி சாரும் காலி டிஸ்க்கும்

ஒரு மனிதர் நான்கு இட்லி தின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பசியைப் பொறுத்தது, சட்னியைப் பொறுத்தது என்று நாம் சொல்வோம். நொடி சார் அப்படி மழுப்ப மாட்டார். மில் கேண்டீனில் எதிரே இருப்பவர் முதல் விள்ளலை வாயில் வைத்ததும் சாரின் சட்டைப் பைக்குள் ஒரு ‘டிக்’ கேட்கும். கை கழுவ எழுந்ததும் இன்னொரு ‘டிக்’. “போன வாரத்துக்கு இப்ப ரொம்ப மெதுவுங்க. உடம்பைப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேட்டவருக்கு அடுத்த வேளைச் சோறு இறங்காது.

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. மில்லில் அதை யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. காரைக்காலுக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையில் அவர் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். நான் அவருக்குக் கீழே, அட்டைகளைப் பார்த்து எண்களைத் தட்டி ஏற்றுகிற ஆபரேட்டர். அந்த ஸ்டாப்வாட்ச் அவருக்குக் கல்யாணத்தில் வந்த சீர். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், சைக்கிள் வாங்கித் தருவார்கள். அந்த மாமனார், பட்டாளத்து ஓட்டப் பந்தயங்களில் தான் வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு மோதிரத்தோடு விட்டிருந்தால் எங்கள் மில் பிழைத்திருக்கும்.

எழுபதுகளில், கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில், அவர் மில்லில் வேலை அளக்கும் குமாஸ்தாவாக இருந்தார். கதிரில் சுற்றிய நூலை வளைய வளையமாக, சிட்டமாக, எடுக்கிற ரீலிங் பிரிவில் என் அம்மா வேலை பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, ஞாயிறு முழுக்கத் தூங்கித் தெளிந்து வந்த இளவட்டப் பெண் ஒருத்தியாகப் பார்த்து அவர் பொறுக்கினார். புதிதாக எண்ணெய் விட்ட மெஷினில் அவளை நிறுத்தினார். அறுந்து தொல்லை தராத நயம் நூலாகக் கொடுத்தார். அவள் ஒரு சிட்டம் எடுக்கும் நேரத்தை அளந்துகொண்டு போனார். மறுநாள் முதல் எல்லோரும் அந்த வேகத்தில்தான் எடுக்க வேண்டும் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

அம்மா நேரே போய்க் கேட்டிருக்கிறாள். “ஏங்க, நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்த புள்ள ஒரே ஒரு சிட்டம் எடுத்ததை வச்சு, நாளு முழுக்க நாங்க அம்புட்டுப் பேரும் அப்புடியே எடுக்கணும்னா எப்புடிங்க?”

“அது உங்க பாடும்மா. நானா சொல்றேன்? வாட்ச் சொல்லுது. வாட்ச் பொய் சொல்லாது.”

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து அந்த வாட்சுக்கும் அதைக் கொடுத்த மாமனாருக்கும் சேர்த்து விட்ட சாபத்தை அச்சில் ஏற்ற முடியாது. பின்னால் எனக்கு அவரிடமே வேலை கிடைத்தபோது அவள் சொன்ன புத்திமதி ஒன்றுதான். “அந்த ஆளு எதிர்ல கொட்டாவி விட்றாதடி. அளந்துருவான்.”

வாட்ச் பொய் சொல்லாது என்பது உண்மைதான். எதை அளக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. நொடி சாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. தன் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையை அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம், பையன் கேசரியை முடிக்க நேரம் எடுத்துக்கொண்டானாம், சுறுசுறுப்புப் போதாதாம். பாவம், அந்தப் பையன் மரியாதைக்காக மெதுவாகத் தின்றிருப்பான். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்குக் குடும்பத்தோடு போனவர், இந்த வரிசை வேகமா அந்த வரிசை வேகமா என்று கண்டுபிடிக்க இரண்டிலும் மாறி மாறிப் போய் நின்று பார்த்திருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் சாமி கும்பிட்டுவிட்டு நளன் குளத்தருகே வந்து உட்கார்ந்தும் ஆளைக் காணவில்லை. மறுநாள் நான் கேட்டேன்.

“சார், சாமி பாத்தீங்களா?”

“இடது பக்க வரிசைதாம்மா வேகம். சந்தேகமே இல்ல.”

சனி பகவானையே காக்க வைத்தவர், நாம் எந்த மூலை.

அவர் அளந்தவற்றில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கைதட்டல். மில்லில் ஆண்டு விழா, வழியனுப்பு விழா, எதுவானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பேச்சாளர் “நன்றி, வணக்கம்” என்றதும் கட்டைவிரல் வாட்சின் தலையில் போய் உட்காரும். தட்டல் அடங்கியதும் பேசியவரிடமே எழுந்து போய், “போன வருஷம் வந்தவரைவிட உங்களுக்குக் கூடுதல்” என்றோ, “கொஞ்சம் குறைச்சல்தான்” என்றோ அறிவித்துவிட்டு வருவார். மேனேஜர் பேசி முடித்தால் மட்டும் நாங்கள் கை சிவக்கத் தட்டுவோம். கணக்குப் போகிறதே.

எண்பதுகளின் நடுவில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வேலை அளப்பவரைத்தான் மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் வாயில் ஒரு புது வார்த்தை இருந்தது: பெஞ்ச்மார்க். காலை வணக்கத்துக்குப் பதிலாக அதைச் சொல்லாததுதான் பாக்கி.

அப்போதைய டிஸ்க் சட்டைப் பையில் போடுகிற சமாச்சாரம் இல்லை. தோசைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் தண்டு கோத்தது போல இருக்கும். அதைச் சுழற்றுகிற பெட்டிகள் இடுப்பு உயரத்தில் வரிசையாக நின்றன. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, பலகாரக் கடையில் லட்டின்மேல் கவிழ்த்து வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அலமாரியில் வைப்போம். சம்பளத்துக்கு ஒரு டிஸ்க், ஸ்டோர் சாமான்களுக்கு ஒன்று, ஆட்கள் வேலைக்கு வந்த வருகைக் கணக்குக்கு ஒன்று. நான்காவது, சாரின் செல்லம், சோதனைக்கான காலி டிஸ்க்.

அவருடைய சோதனையை நான் பார்த்திருக்கிறேன். மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்வார், அன்றைக்குத்தான் வோல்டேஜ் நன்றாக இருக்கும். காலி டிஸ்க்கை மாட்டுவார். அதன் தலை முதல் கால் வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார். பிறகு அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். அந்த வரி வேறொன்றும் இல்லை, அவருடைய பெயரும் பதவியும்தான். ஒருவனை நிறுத்தி உன் பெயர் என்ன, உன் பெயர் என்ன என்று நாள் முழுக்கக் கேட்டால் அவன் வேகமாகத்தான் சொல்வான். டிஸ்க்கும் சொன்னது. சார் பூரித்துப் போவார்.

திங்கட்கிழமை நாங்கள் சம்பள வேலையைக் கொடுத்தால் அதே பெட்டி ஒவ்வொரு ஆளின் விவரத்துக்கும் ஒரு மூலைக்கு ஓடித் தடதடவென்று இழுத்துக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“சார், உங்க டெஸ்ட்ல அப்புடிப் பறக்குது, எங்க வேலைக்கு இப்புடி நொண்டுதே சார்?”

“அதுதாம்மா நானும் சொல்றேன். அது நல்ல டிஸ்க். நீங்கதான் வேலையைக் குடுத்துக் கெடுக்கிறீங்க.”

அந்த வேகத்தைக் காப்பாற்ற அவர் செய்தவற்றை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. டிஸ்க்கின்மேல் பெயர்ச் சீட்டு ஒட்டினால் பாரம், சுழலும்போது இழுக்கும் என்று எல்லாச் சீட்டுகளையும் உரித்துவிட்டு மூடிமேல் மட்டும் பெயின்டில் எழுதச் சொன்னார். எழுதத் தொடங்குமுன் இதில் இருப்பது அழிந்துவிடும், சரிதானா என்று மெஷின் ஒரு கேள்வி கேட்கும். அதற்குப் பதில் தட்டுகிற நேரமும் வாட்சில் சேர்கிறது என்று அந்தக் கேள்வியையே எடுக்க வைத்தார். வாராவாரம் டிஸ்க்கில் இருப்பதை டேப்பில் நகல் எடுத்து வைப்பது வழக்கம். நகல் எடுத்தால் டிஸ்க் களைத்துவிடும் என்று அந்த வருஷம் சித்திரையோடு அதையும் நிறுத்தினார். இரும்புக்குக் களைப்பு உண்டு என்று கண்டவர், எங்கள் அம்மாவுக்கு உண்டு என்று காணவில்லை.

ஏன் அந்த வருஷம் என்றால், மெட்ராசிலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள் புது டிஸ்க் பெட்டிகளை விற்க வந்துவிட்டார்கள். பழையது வேகமா, இந்தக் கம்பெனி வேகமா, அந்தக் கம்பெனி வேகமா என்று சோதித்து எழுதி அனுப்பும்படி புதுச்சேரியிலிருந்த தலைமை அலுவலகம் கேட்டது. சாருக்கு அது பட்டாபிஷேகம். இரண்டு கம்பெனிக்காரர்களும் டை கட்டிக்கொண்டு கடற்கரை லாட்ஜில் வெயிலில் வெந்தார்கள். சம்பளமும் அன்றாட வருகையை ஏற்றுவதும் தவிர, மில்லின் மற்ற வேலைகளெல்லாம் சாரின் ரிப்போர்ட் முடியும்வரை வரிசையில் நின்றன.

அந்த வரிசையில் என் தம்பி செல்வராசுவின் வாழ்க்கையும் நின்றது.

அவன் அதே மில்லில் பதிலித் தொழிலாளி. காலையில் கேட்டில் போய் நிற்பான். வராத ஆளின் இடத்தில் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் வீடு. இப்படி வருஷக்கணக்காக வந்து, வேண்டிய நாள்களை முடித்தவர்களைப் பொங்கலுக்கு நிரந்தரமாக்குவதாக யூனியனும் நிர்வாகமும் பேசி முடித்திருந்தார்கள். யார் யார் முடித்திருக்கிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் இருக்கும் வருகைக் கணக்குதான் சொல்ல வேண்டும். கையால் குறித்த வருகை அட்டைகள் இல்லை. நான் ஏற்றி முடித்ததும் அட்டைகளைப் பாய்லரில் போட்டுவிட வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. செல்வராசு ஆவணியில் முடித்துவிட்டான். நெடுங்காட்டில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண்ணின் அப்பா நாசூக்காகத்தான் சொன்னார். “ஆர்டர் கையில வரட்டும் தம்பி. தையிலயே முடிச்சுப்புடுவோம்.”

தினமும் சாயங்காலம் செல்வராசு என்னைக் கேட்பான். “அக்கா, லிஸ்ட் எடுத்தாச்சா?”

“சார் டெஸ்ட் முடியட்டும்கிறாருடா.”

“அவரு எதைத்தாங்க்கா டெஸ்ட் பண்றாரு?”

“வேலை செய்யாம இருந்தா எவ்வளவு வேகமா இருக்கும்னு பாக்குறாருடா.”

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். நாங்கள் பூசாரியின் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆயுத பூசை வந்தது. கம்பெனிக்காரர்களின் பெட்டிகளை அளந்தாயிற்று; நம் பழசுக்கான கடைசிச் சோதனையை மறுநாள் விஜயதசமியில் வைத்துக்கொள்வதாகச் சார் அறிவித்தார். தொடங்கிய காரியம் ஜெயமாகுமாம். பூசைக்கு மெஷின் அறையைத் துடைத்துக் கழுவும் பொறுப்பு அட்டெண்டர் கலியபெருமாளுடையது. பயபக்தியான ஆள். டிஸ்க்குகளைத் தண்ணீர் படாமல் மேஜைமேல் வரிசையாக வைத்துக் கோடி வேட்டியால் மூடினார். மூடிகளை மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காய வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப டிஸ்க்குகளின்மேல் கவிழ்த்தார். மூடிகளெல்லாம் ஒரே அளவு. டிஸ்க்குகளெல்லாம் ஒரே முகம். எந்த மூடி எந்த டிஸ்க்குடையது என்று சொல்லக்கூடிய சீட்டைத்தான் பாரம் என்று சார் உரித்துவிட்டாரே.

பொரி கடலை தின்றுகொண்டே சார் வந்து பார்த்தார். “பளிச்சுன்னு இருக்கு கலியபெருமாளு. தூசி இல்லன்னா வேகம் கூடும்.”

விஜயதசமி விடுமுறை. எண்களைக் குறித்துக்கொள்ள என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தார். ‘சோதனை’ என்று எழுதிய மூடிக்குக் கீழே இருந்த டிஸ்க்கை மாட்டினார். நல்ல நேரம் பார்த்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, எழுதச் சொல்லிவிட்டு வாட்சை அமுக்கினார். மெஷின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் வாயைத்தான் அடைத்தாயிற்றே. ஹோவென்று ஒரே சீராக ஓடியது. முடிந்ததும் வாட்சைப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“அம்மாடி! கம்பெனிக்காரன் ரெண்டு பேரையும் நம்ம பழசு தோக்கடிச்சிட்டும்மா! இதுவரைக்கும் இப்புடி ஒரு டைம் வந்ததே இல்ல!”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி நின்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, இனி லிஸ்ட் எடுக்கலாமே என்று.

மறுநாள் காலையில் அவரே சொன்னார். “இனிமே உன் தம்பி வேலையைப் போட்டுக்கம்மா.” ‘வருகை’ என்று எழுதிய மூடியைத் திறந்து டிஸ்க்கை மாட்டினேன். முதல் பெயரைக் கேட்டேன். சாருடைய பெயரும் பதவியும் வந்தன. அடுத்ததைக் கேட்டேன். சாருடைய பெயரும் பதவியும். மூடி மாறியிருக்கிறது என்று புரிந்தது. சரி, இது சோதனை டிஸ்க், வருகை டிஸ்க் அந்த மூடியில் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ‘சோதனை’ மூடியைத் திறக்கும்போதுதான், நேற்று சார் எதில் எழுதினார் என்பது உறைத்தது. அதையும் மாட்டிப் பார்த்தேன். அதிலும் அவர் பெயர்தான். மேலிருந்து கீழ்வரை, ஓர் இடம் விடாமல், மில்லில் பாடுபட்ட அத்தனை பேர் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

சித்திரை வரைக்குமான டேப் நகல் இருந்தது. அதற்குப் பிறகு புரட்டாசி வரை ஒன்றும் இல்லை. சம்பள டிஸ்க்கைக் கேட்கலாமென்றால், பதிலிகளுக்கு அன்றன்றே கையில் கூலி, அதில் அவர்கள் பெயரே கிடையாது. சித்திரைக்குள் நாள்களை முடித்தவர்களுக்குப் பொங்கலுக்கு ஆர்டர் வந்தது. வைகாசி முதல் முடித்தவர்களுக்கு, ஆதாரம் இல்லை என்று நிர்வாகம் வருத்தத்தோடு கைவிரித்தது. அந்த வருத்தத்தில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது. கலியபெருமாளுக்கு மெமோ கொடுத்துப் பஞ்சு குடோனுக்கு மூட்டை தூக்க அனுப்பினார்கள். சாரை மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“என்னய்யா இது, எல்லாம் போயிட்டே?”

“மூடியை மாத்துனது அட்டெண்டர், சார். ஆனா எழுதுன வேகத்தைப் பாருங்க. வாட்ச் பொய் சொல்லாது.”

செல்வராசு நேராக அவர் வீட்டுக்கே போனான். நான் தடுத்தும் கேட்கவில்லை. அவர் மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டாராம். கடைசியில், “இந்த மாதிரி வருகை டேட்டாவை எவ்வளவு வேகத்துல திருப்பி எடுக்கலாம்னு ஒரு டெஸ்ட் வச்சுப் பாக்கணும் தம்பி” என்றாராம். செல்வராசு காபியைக் குடிக்காமல் வந்துவிட்டான். அதற்கும் ஒரு நேரம் குறித்திருப்பார். நெடுங்காட்டுப் பெண்ணைத் தையில் பேரளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தம்பி அழிந்துபோன நாள்களைத் திரும்பச் சேர்க்க மறுபடியும் பதிலியாகக் கேட்டில் நின்றான்.

ரிப்போர்ட் புதுச்சேரிக்குப் போனது. நம் பழைய டிஸ்க்கே எல்லாவற்றையும் மிஞ்சுகிறது, புதியது தேவையே இல்லை என்பது அதன் சாரம். தலைமை அலுவலகம் மெச்சிப்போய் அவரைப் பதவி உயர்வோடு அங்கேயே அழைத்துக்கொண்டது.

பொங்கல் கழிந்து வழியனுப்பு விழா. மாலை, பொன்னாடை, மிக்சர், காபி. மேனேஜர் அவரைப் பற்றி நிறையப் பேசினார். பின்வரிசையில் பதிலிகள் நின்றார்கள். அவர்கள் நடுவில் செல்வராசு, கையைக் கட்டிக்கொண்டு. கம்ப்யூட்டர் பிரிவு சார்பாக நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

“சாரைப் பத்தி நான் சொல்றதைவிட கம்ப்யூட்டர் சொல்றதுதாங்க சரி,” என்று ஆரம்பித்தேன். சார் தலையாட்டினார். “வைகாசியிலேருந்து புரட்டாசி வரைக்கும் இந்த மில்லுக்கு யார் யார் வேலைக்கு வந்தாங்கன்னு கம்ப்யூட்டரைக் கேட்டேங்க. ஒரே ஒரு பேருதான் சொல்லுது. சார் பேரு. வேற ஒரு ஆளும் வரலைங்க. பஞ்சு எடுத்தது, நூல் நூத்தது, சிட்டம் போட்டது, மூட்டை கட்டுனது, எல்லாம் சார் ஒருத்தர்தாங்க. அப்பேர்ப்பட்டவங்க நம்மளை விட்டுட்டுப் போறாங்க. நன்றி, வணக்கம்.”

சாருக்கு ஏற்கெனவே முகமெல்லாம் சிரிப்பு. ‘வணக்கம்’ என்றதும் கட்டைவிரல் வழக்கம்போல வாட்சை அமுக்கியது.

யாரும் தட்டவில்லை. மேனேஜர் குனிந்து செருப்பைப் பார்த்தார். மிக்சர் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. சார் வாட்சைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். ஒரு தரம் உதறினார். பிறகு பழுதாகிவிட்டதோ என்று அதைக் காதில் வைத்துக் கேட்டார்.